சொல்லாத ஜோக்குக்கு ஐந்து வாரச் சிறை: இந்தூர் வழக்கு

2021 புத்தாண்டு அன்று சாயங்காலம். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், தின்பண்டத்துக்குப் பேர்போன சப்பன் துகான் பக்கம், மன்ரோ கஃபே என்ற இடத்தில் ஒரு ஸ்டாண்ட்அப் காமெடி நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், ஒரு மைக், ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். மும்பையிலிருந்து வந்த முனவர் ஃபரூக்கி மேடையில் நிற்கும்போது ஏகலவ்ய சிங் கௌர் என்பவர் ஏறிவந்து நிகழ்ச்சியை நிறுத்துகிறார். அவர் ஹிந்த் ரக்ஷக் சங்கடன் என்ற அமைப்பின் தலைவர், அந்த ஊர் பாஜக எம்எல்ஏ மாலினி கௌரின் மகன். எங்கள் கடவுளை ஏன் கிண்டல் செய்கிறாய் என்பதுதான் கேள்வி. அந்தக் காட்சியைக் கூட்டத்தில் இருந்தவர்கள் செல்போனில் எடுத்திருக்கிறார்கள். முனவர் கத்தவில்லை, எதிர்க்கவில்லை, தன் பக்கத்தை விளக்கத்தான் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் விஷயம் துகோகஞ்ச் காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. முனவரோடு சேர்த்து நிகழ்ச்சி நடத்தியவர்கள், உடன் பேச வந்தவர்கள் என்று இன்னும் நான்கு பேர் கைது. அடுத்த நாள் ஆறாவதாக ஒருவர்.

போட்ட பிரிவுகளில் முக்கியமானது இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ, மத உணர்வைப் புண்படுத்தியது. கூடவே 298, அப்புறம் கொரோனா விதிமுறையை மீறியதாக 188, 269. இந்துக் கடவுள்களைப் பற்றியும் உள்துறை அமைச்சர் அமித் ஷாவைப் பற்றியும் ஆபாசமாகப் பேசினார் என்பது புகார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும் பலருக்கு இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது. சர்ச்சைக்குரியதாகச் சொல்லப்பட்ட ஜோக் எதையும் அன்றைக்கு அவர் சொல்லவே இல்லை என்றுதான் அங்கே இருந்த பார்வையாளர்கள் சொன்னார்கள். அவர் தெய்வங்களை இழிவுபடுத்தியதைக் காட்டும் வீடியோ ஆதாரம் எதுவும் இல்லை என்று காவல் நிலையப் பொறுப்பாளரே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் கோபம் எங்கிருந்து வந்தது? பழைய வீடியோவிலிருந்து. 2020இல் பரவிய ஒரு ஜோக், அதற்காக உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜில் ஏற்கெனவே ஒரு வழக்கு. அந்தக் கோபத்தைத்தான் இந்தூர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சரி, அந்தப் பழைய ஜோக் என்ன? ஒரு பழைய இந்திப் படப்பாட்டில் 'ராம்ஜி' என்று கூப்பிடுகிற வரி ஒன்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு, ராமருக்கே பதினான்கு வருடம் வீடு திரும்ப முடியவில்லை, இதில் உன் கணவன் வீட்டுக்கு வந்ததைக் கேட்க அவருக்கு எங்கே நேரம் என்ற மாதிரிப் போகும். சீதையின் பேரும் நடுவில் வரும். நடுவில் ஒரு ஆங்கிலக் கெட்ட வார்த்தையும் உண்டு.

என் கருத்தை மறைக்க ஒன்றுமில்லை. நான் சாமி கும்பிடுகிறவன், அந்த ஜோக் எனக்குப் பிடிக்கவில்லை. வனவாசத்தை வைத்து விளையாடியதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தக் கெட்ட வார்த்தை ராமர் பேருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது உறுத்தியது. எங்கள் பெரியப்பா தினமும் காலையில் சுந்தரகாண்டம் படிக்கிறவர். விஷயம் செய்தியில் அடிபட்டபோது அந்த வீடியோவை அவரிடம் காட்டினேன், இந்தி வரிக்கு அர்த்தமும் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "இந்தப் பையனுக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இதுக்காடா ஜெயில்ல போட்டாங்க?" என்று கேட்டார். ஒரே மனிதர், ஐந்து நிமிட இடைவெளியில் கேட்ட இரண்டு கேள்விகள். இரண்டுமே நியாயமானவை என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் இந்த வழக்கு இந்த நிலைக்கு வந்தது.

நீதிமன்றத்தில் நடந்தது

கீழ் நீதிமன்றம் ஜாமீன் தரவில்லை. ஜனவரி 5ஆம் தேதி செஷன்ஸ் நீதிமன்றமும் தரவில்லை. உயர் நீதிமன்றத்தின் இந்தூர் கிளைக்குப் போனார்கள். ஜனவரி 25ஆம் தேதி விசாரணையில் நீதிபதி ரோஹித் ஆர்யா, பிறருடைய மத உணர்வை ஏன் இப்படிப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள், தொழிலுக்காக எப்படி இதைச் செய்யலாம் என்று கேட்டார், இப்படிப்பட்டவர்களை விடக் கூடாது என்றும் சொன்னார். ஜனவரி 28ஆம் தேதி மனு தள்ளுபடி ஆனது. நல்லிணக்கத்தையும் சகோதர உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளை அந்த உத்தரவு எடுத்துக்காட்டியது.

அது நல்ல கடமைதான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஜாமீன் மனு. ஜாமீன் மனுவில் பார்க்க வேண்டியது, இவர் வெளியே போனால் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, விசாரணைக்கு இவர் உள்ளே இருந்தாக வேண்டுமா என்பதெல்லாம். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத ஒரு குற்றச்சாட்டுக்கு, இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு பேச்சுக்கு, ஒருவரை உள்ளேயே வைத்திருக்க குடிமகனின் கடமையைக் காரணமாகக் காட்டலாமா? அந்த இடம் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

பிப்ரவரி 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம். நீதிபதிகள் நரிமன், கவாய் அமர்வு சில நிமிடங்களில் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. முதல் தகவல் அறிக்கையில் உள்ள குற்றச்சாட்டுகள் தெளிவில்லாமல் இருக்கின்றன என்று முனவர் தரப்பு சொன்னதை நீதிபதிகள் குறித்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமாக, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது செய்வதானால் காரணத்தை எழுத வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே வகுத்த நடைமுறை இங்கே பின்பற்றப்படவில்லை என்று முன்வைக்கப்பட்டதையும் எடுத்துக்கொண்டார்கள். பிரயாக்ராஜ் வழக்கின் வாரண்டையும் நிறுத்தி வைத்தார்கள்.

இதற்குப் பிறகும் அவர் உடனே வெளியே வரவில்லை. உத்தரப் பிரதேச வாரண்ட் நிறுத்தி வைக்கப்பட்டதற்கு முறையான தகவல் வரவில்லை என்று சிறை நிர்வாகம் அடுத்த நாள் முழுக்க விடுவிக்காமல் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இந்தூர் தலைமை நீதித்துறை நடுவரைத் தொலைபேசியில் அழைத்து, இணையதளத்தில் உத்தரவு இருக்கிறது பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் பிப்ரவரி 6ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் முனவர் வெளியே வந்தார் என்று செய்திகள் வந்தன. ஐந்து வாரத்துக்கும் மேல். கூடக் கைதானவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அந்த இளைஞர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? முனவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

295ஏ எதற்காக வந்தது

இந்தச் சட்டப்பிரிவு பிறந்ததே மதக் கிண்டல் ஒன்றிலிருந்துதான். 1920களில் லாகூரில் நபிகளின் தனிவாழ்க்கையை நையாண்டி செய்து ஒரு சிறு புத்தகம் வந்தது. பதிப்பாளர் ராஜ்பால் மீது வழக்கு. இரு சமூகங்களுக்கு இடையே பகையைத் தூண்டுவதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவில்தான் வழக்குப் போட முடிந்தது, இறந்துபோன ஒரு மதத் தலைவரைக் கிண்டல் செய்வது அதற்குள் வராது என்று 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு ஏற்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அதே ஆண்டு 295ஏ கொண்டுவரப்பட்டது. சட்டம் வந்தும் ராஜ்பால் பிழைக்கவில்லை, 1929இல் அவரை ஒருவர் குத்திக் கொன்றார், கொன்றவரும் அந்த ஆண்டே தூக்கிலிடப்பட்டார்.

அந்தச் சட்டத்தை விவாதித்த சபையில் முகமது அலி ஜின்னா இருந்தார். மதத்தை நேர்மையாக விமர்சிக்கிறவர்கள், வரலாறு எழுதுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அப்போதே வலியுறுத்தினார். அதனால்தான் பிரிவுக்குள் 'வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு' என்ற இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது. புண்படுத்தியே தீர வேண்டும் என்ற வன்மத்தோடு சொல்லியிருக்க வேண்டும். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தீவிரமான வகை அவமதிப்பை மட்டுமே இது தண்டிக்கிறது என்பதைத்தான் காரணமாகச் சொன்னது.

இன்னும் கிட்டத்து உதாரணம் தோனி வழக்கு. 2013இல் ஒரு வணிகப் பத்திரிகையின் அட்டையில் அவரை விஷ்ணு மாதிரி வரைந்து, பல கைகளிலும் விளம்பரப் பொருள்களைக் கொடுத்திருந்தார்கள், அதில் ஒன்று ஷூ. ஆந்திராவின் அனந்தப்பூரில் வழக்குப் போட்டார்கள், வாரண்ட் வரை போனது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெரியாமலோ கவனக்குறைவாகவோ, வன்மம் இல்லாமல் செய்தது மத உணர்வைப் புண்படுத்தினாலும் 295ஏக்குள் வராது என்று தெளிவாக எழுதியது.

இந்தூரில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். இந்த மனிதர், இந்த மேடையில், இந்த நாளில், வன்மத்தோடு என்ன சொன்னார்? 'என்ன சொன்னார்' என்பதற்கே பதில் இல்லாதபோது வன்மத்தைப் பற்றிப் பேச இடமே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 2016 ஜனவரியில் நடந்த இன்னொன்று. தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் கிக்கு ஷார்தா, தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் மாதிரி வேடம் போட்டு ஆடியதற்காக ஹரியானா போலீஸ் இதே 295ஏவில் கைது செய்தது. அங்கே சொல்லப்படாத ஜோக் இல்லை, நாடே பார்த்த நிகழ்ச்சி. ஆனாலும் அன்றே ஜாமீன் கிடைத்தது. (அடுத்த வருடமே அந்தத் தலைவர் பாலியல் வல்லுறவு வழக்கில் தண்டிக்கப்பட்டார் என்பது வேறு கதை.) ஒரே பிரிவு, ஒருவருக்கு ஒரு நாள், இன்னொருவருக்கு ஐந்து வாரம். எந்த ஊர், யார் புகார் கொடுத்தார், குற்றம் சாட்டப்பட்டவர் பேர் என்ன என்பதெல்லாம்தான் அந்த வித்தியாசத்தைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

'உன் மதத்தைக் கிண்டல் பண்ணு பார்ப்போம்'

முனவர் விஷயத்தில் திரும்பத் திரும்ப வந்த வாதம் இது. ஒரு முஸ்லிம் எதற்கு ராமரைத் தொட வேண்டும்? இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனசில்லை, அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. காளமேகப் புலவர் முருகனைப் பார்த்து, அப்பன் பிச்சை எடுக்கிறவன், மாமன் உறியில் திருடியவன், அண்ணனுக்குப் பெருவயிறு, இதில் உனக்கு என்னப்பா பெருமை என்று பாடினார். அதை நிந்தாஸ்துதி, அதாவது திட்டுவது போலப் புகழ்வது என்று கொண்டாடுகிறோம். சுந்தரர் கண்பார்வை போனபோது திருவாரூர் ஈசனைப் பார்த்து 'வாழ்ந்து போதீரே' என்று பாடியது தேவாரத்தில் இருக்கிறது, கோயிலில் பாடுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கட்டியங்காரன் அடிக்கிற நக்கலுக்கு அளவே கிடையாது, காப்புக் கட்டியவர்களும் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். உரிமை உள்ளவன் பேசும்போது திட்டுகூட அன்பாகக் கேட்கிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு அந்த உரிமை கொஞ்சம் குறைவு என்று மனசு நினைப்பது இயல்பு.

ஆனால் மனசு நினைப்பதைச் சட்டமாக்கினால் என்ன ஆகும்? யாரும் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது. அதோடு, முனவர் வெளியாள் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. குஜராத்தின் ஜுனாகட்டில் பிறந்து, மும்பை டோங்ரியில் வளர்ந்தவர். ராமாயணமும் இந்தி சினிமாப் பாட்டும் கலந்த காற்றைத்தான் அவரும் சுவாசித்திருக்கிறார். தன் சமூகத்தையும் அவர் மேடையில் விட்டுவைத்ததில்லை.

இந்த வாதம் கடைசியில் எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஹைதராபாத் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 20ஆம் தேதி கடுமையான போலீஸ் பாதுகாப்போடு முனவரின் நிகழ்ச்சி அங்கே நடந்தது. நடந்தால் அரங்கத்தையே கொளுத்துவேன் என்கிற அளவுக்கு மிரட்டிய பாஜக எம்எல்ஏ ராஜா சிங், இரண்டு நாள் கழித்து நபிகளைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். இதுவும் காமெடிதான் என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஊரே கொதித்தது. இரவெல்லாம் போராட்டம், அவர் கைது, கட்சியிலிருந்து இடைநீக்கம், அப்புறம் தடுப்புக் காவல், அதையும் நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்போது பலர் கேட்டார்கள், அவன் பேசினால் கலை, இவர் பேசினால் குற்றமா என்று. கேட்க வேண்டிய கேள்விதான், நானும் யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு வர வேண்டும் என்று சொல்லப்பட்டதா, ஒரு சமூகத்துக்குக் காயம் வர வேண்டும் என்று சொல்லப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். மிரட்டல், பழிவாங்கல், பதிலடி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செய்கிற பேச்சில் சிரிப்பவர்கள் யாரும் இல்லை, ஜோக்கின் கட்டமைப்பும் இல்லை. ஆனாலும் அந்த வழக்கிலும் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற தடுப்புக் காவல் சட்டத்தைப் போட்டதை நான் ஆதரிக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காதவருக்கு ஒரு நடைமுறை, பிடித்தவருக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் நான் இவ்வளவு நேரம் எழுதியதற்கே அர்த்தம் இல்லை.

ஜாமீனுக்குப் பிறகு

முனவர் வெளியே வந்த பிறகுதான் வேறு வகையான தண்டனை ஆரம்பித்தது. மும்பை, குஜராத், ராய்ப்பூர், கோவா என்று ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்தாகின. 2021 நவம்பர் 28ஆம் தேதி பெங்களூரில் நடக்க வேண்டிய நிகழ்ச்சிக்கு அறுநூறு டிக்கெட்டுக்கு மேல் விற்றிருந்தது. சட்டம் ஒழுங்கு கெடும், நடத்த வேண்டாம் என்று போலீஸ் நடத்துபவர்களுக்குக் கடிதம் கொடுத்தது. இரண்டு மாதத்தில் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் போய்விட்டன என்று சொல்லி, வெறுப்பு ஜெயித்துவிட்டது, கலைஞன் தோற்றுவிட்டான், போய்வருகிறேன் என்று முனவர் எழுதினார். 2022 ஆகஸ்ட் கடைசியில் டெல்லி போலீசும் அனுமதி மறுத்தது.

இந்த ரத்துகளில் நீதிமன்றமே கிடையாது. யாரோ நான்கு பேர், நாங்கள் கலாட்டா செய்வோம் என்று மனு கொடுக்கிறார்கள். போலீஸ் கலாட்டா செய்கிறவர்களைத் தடுக்காமல் பேச வருகிறவரைத் தடுக்கிறது. ஹைதராபாத் போலீஸ் அன்றைக்கு நிகழ்ச்சியை நடத்திக் காட்டியது, ஆகவே முடியாத காரியம் இல்லை.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். 295ஏ வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். அது ஒரு வடிகட்டி, வீம்புக்குப் போடுகிற வழக்குகள் உள்ளே வராமல் இருக்க. ஆனால் கைது செய்ய அந்த அனுமதி வேண்டாம், ஜாமீனும் உரிமையாகக் கிடையாது. ஆகவே புகார் கொடுத்த அன்றே ஆளை உள்ளே தள்ளிவிடலாம், வடிகட்டி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது அவர் ஏற்கெனவே சிறையில் இருந்து முடித்திருப்பார். தண்டனை கிடைக்கிறதா இல்லையா என்பது புகார் கொடுத்தவருக்குத் தேவையே இல்லை. அனுமதி என்ற அந்தப் படியைக் கைதுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும், அர்னேஷ் குமார் நோட்டீஸைக் கொடுக்காத அதிகாரி பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் 295ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவாக வந்திருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் அதேதான், ஓட்டையும் அதேதான்.

அடிப்படைக் கடமைகளைக் காட்டி இந்தூரில் ஜாமீன் மறுக்கப்பட்ட அதே 2021ஆம் ஆண்டு டிசம்பரில், மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு எழுதினார். மதத்துக்குச் சம்பந்தமில்லாத வழக்கு, சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்று முகநூலில் விளையாட்டாக எழுதியதற்கு வாடிப்பட்டி போலீஸ் போட்டது. அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்த நீதிபதி, அதே அடிப்படைக் கடமைகள் பட்டியலில் சிரிக்கும் கடமை என்று ஒன்றைச் சேர்க்க நையாண்டி எழுத்தாளர்கள் கேட்டிருப்பார்கள் என்று ஆரம்பிக்கிறார். வாரணாசி முதல் வாடிப்பட்டி வரை புனிதப் பசுக்கள் மேய்கின்றன, ஊருக்கு ஊர் பசு மாறுகிறது என்கிறார். தமிழ்நாட்டில் பெரியாரே தொடக் கூடாத பசு ஆகிவிட்டார் என்று நம்மையும் அவர் விடவில்லை. படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நம் பக்கத்துப் பசுவை யாராவது தொட்டால் நாமும் முதலில் காவல் நிலையத்தைத்தான் நினைக்கிறோம்.

முனவர் அப்புறம் பெரிய ஆளாகிவிட்டார். 2024 ஜனவரியில் இந்தி பிக் பாஸ் போட்டியில் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு நிகழ்ச்சியில் பார்வையாளர்களோடு பேசும்போது கொங்கணி மக்களைப் பற்றி ஒரு மோசமான வார்த்தையை விட்டுவிட்டார். எதிர்ப்பு வந்தது, அரசியல்வாதிகள் மிரட்டினார்கள். அவர் ஒரு வீடியோவில் வந்து, அது பேச்சுவாக்கில் வந்தது, சிலர் மனம் நொந்தது தெரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியப்பாவிடம் அதையும் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு, "சரி விடு, மன்னிப்பு கேட்டுட்டான்ல" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.